புதிதாகத் தொடங்கும் ஏடிஎச்டி மருந்து: முதல் மாத்திரைக்கு முன் எழும் அச்சத்தைக் கையாளும் முறை

வயது வந்த பிறகு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சார்ந்த கோளாறு) இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் சிலர், மருந்துச் சீட்டைப் பெற்று, மருந்தையும் வாங்கி வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் திறக்காமலேயே வாரக்கணக்கில் நாளைக் கடத்துகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது சோம்பலாகவோ அலட்சியமாகவோ தோன்றலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம். மூளையின் வேதியியலைத் தொடும் ஒரு மருந்தை, அதுவும் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒன்றை, விழுங்குவதற்கு முன் ஒருவர் தயங்குவது அறிவீனம் ஆகாது. "ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போடுங்கள்" என்ற ஆறுதலால் அந்தத் தயக்கம் கரைவதும் இல்லை. பயத்துக்குள் விடை சொல்லக்கூடிய கேள்விகள் பல சிக்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து உரியவரிடம் கேட்டு, முதல் சில வாரங்களுக்கு ஒரு திட்டத்தையும் வகுத்துக்கொண்டால், எஞ்சும் பயம் தொடங்குவதற்குத் தடையாக இராத அளவுக்குச் சுருங்கும். பயம் முற்றிலும் நீங்கிய பிறகே தொடங்குவேன் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் எளிதில் வாய்ப்பதில்லை.

பயத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, "பயமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல், எது நடந்துவிடும் என்று அஞ்சுகிறீர்களோ அதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இதயம் படபடக்குமோ, தூக்கம் கெடுமோ, மருந்துக்கு அடிமையாகிவிடுவேனோ, என் இயல்பு மாறிவிடுமோ, வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பன போன்றவை பலரது தாளிலும் இருக்கும். அதிகம் வெளியே சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு: மருந்து வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது? பல ஆண்டுகள் தன்னைக் கையாலாகாதவர் என்று எண்ணி வாழ்ந்துவிட்டு, இப்போதுதான் அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும் ஒருவருக்கு, இந்தக் கடைசி நம்பிக்கையும் பொய்த்துவிடுமோ என்பதே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சமாக இருக்கக்கூடும். பெட்டி திறக்கப்படாத வரையில் அந்த நம்பிக்கை உடையாது அல்லவா?

எழுதிய பிறகு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கு யாரால் விடை சொல்ல முடியும் என்று குறியுங்கள். இதயம் பற்றிய கேள்வி மருத்துவருக்கு உரியது. தூக்கம் பற்றிய கேள்விக்கு மருந்து எடுக்கும் நேரமும் சில நாள் அனுபவமும் விடை சொல்லும். வீட்டார் பற்றிய கேள்விக்கு மருந்தோடு நேரடித் தொடர்பே இல்லை. அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அது வேறொரு நாளைய உரையாடல்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

மருத்துவரைச் சந்திக்கும்போது நாம் கேட்பதைப் போலவே நாம் சொல்வதும் முக்கியம். இதய நோய், மயங்கி விழுந்த அனுபவம், உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் ஆகியவை உங்கள் வரலாற்றில் இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கண் அழுத்த நோய், வலிப்பு, தன்னறியாத் தசைத் துடிப்புகள், இருமுனை மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு போன்றவை உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ இருந்தாலும், மது அல்லது போதைப் பழக்கம், உணவுப் பழக்கக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல் ஆகியவை இருந்தாலும், மருந்துத் தேர்வு மாறக்கூடும். தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள். மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் மூலிகைத் தயாரிப்பும் அதில் அடங்கும். எம்ஏஓ தடுப்பான்கள் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்கள், அவற்றை நிறுத்தி 14 நாட்களாவது ஆகாமல் மூளையின் செயலைத் தூண்டும் ஊக்கி மருந்துகளையோ, ஊக்கி அல்லாத ஏடிஎச்டி மருந்தான அட்டோமாக்செட்டினையோ தொடங்கக் கூடாது. ஃபுளுவாக்செடின், பராக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அட்டோமாக்செட்டினின் அளவை உடலில் உயர்த்தக்கூடியவை என்பதையும் மருத்துவர் கணக்கில் கொள்வார்.

இவற்றோடு, உங்களுக்குப் பதற்றக் கோளாறு இருந்தால் அதையும், மருந்தைப் பற்றிய பயம் இருந்தால் அதையும் வெளிப்படையாகவே சொல்லுங்கள். பயத்தைச் சொன்னால் மருந்தே தராமல் போய்விடுவாரோ என்று சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம் பதற்றக் கோளாறும் சேர்ந்திருப்பது மிகவும் சாதாரணம். மருத்துவர்களுக்கு அது புதிதல்ல. தெரிந்தால் அவர் இன்னும் குறைந்த அளவில் தொடங்கலாம், மெதுவாக உயர்த்தலாம், அடுத்த சந்திப்பை முன்னதாக வைக்கலாம்.

மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, மருந்தைத் தொடங்குமுன் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைப் பதிவுசெய்யச் சொல்கிறது. இதயம் சார்ந்த காரணம் ஏதும் இல்லாதவர்களுக்கு ஈசிஜி கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே ஈசிஜி எடுக்கவில்லை என்பதைக் கொண்டு உங்கள் மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இரத்த அழுத்தத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதப்பட்டிருந்தால், அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

சந்திப்பு முடியுமுன் தெளிவாகத் தெரிந்துகொண்டு வர வேண்டியவை சில: எந்த நேரத்தில் எடுப்பது, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது, எந்த அறிகுறி தோன்றினால் உடனே அழைப்பது, யாரை அழைப்பது, அடுத்த சந்திப்பு எப்போது. விடைகளை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் தாண்டும்போது மறந்துவிடும் நினைவாற்றலை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

உங்கள் மருந்து எவ்வளவு நேரம் உடலில் இருக்கும்?

பயத்தைக் குறைக்கும் தகவல்களில் இதற்கு ஈடானது வேறில்லை என்பேன். ஊக்கி மருந்துகளான மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமின் வகைகளும் எடுத்த அன்றே வேலை செய்து, அன்றே பெருமளவு ஓய்ந்துவிடுபவை. உடனடியாக வெளியாகும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் செயல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஏறத்தாழ மூன்று நான்கு மணி நேரத்தில் தணியும். மெதுவாக வெளியாகும் வகைகள் தயாரிப்புக்கு ஏற்ப எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும். லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் விழுங்கப்படும்போது செயலற்ற வடிவில் இருந்து, இரத்தத்தில் மெல்ல மெல்லச் செயல்படும் பொருளாக மாறுகிறது. அதன் விளைவும் ஏறக்குறைய பகல் முழுவதும் இருக்கும். இதன் பொருள், முதல் நாள் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும், அந்த உணர்வுக்கு முடிவு நேரம் என்று ஒன்று உண்டு என்பதே. அடுத்த வேளையை எடுக்காமல் மருத்துவரை அழைப்பதற்கு உங்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு மாத்திரையை விழுங்குவது வாழ்நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஆகாது.

ஊக்கி அல்லாத மருந்துகளின் போக்கு வேறு. அட்டோமாக்செட்டின் தினமும் எடுக்கப்பட்டு, பலன் தெரிய நான்கு வாரம், சிலருக்கு எட்டு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். குமட்டல் போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முன்னே, பலன் பின்னே என்ற இந்த வரிசை தெரியாதவர்கள் இரண்டாம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். குவான்ஃபசின், குளோனிடின் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறக்கூடும் என்பதால், அவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆகவே மேலே சொன்ன "அடுத்த வேளையை எடுக்காமல் இருக்கலாம்" என்பதை எல்லா மருந்துக்கும் பொருத்தாதீர்கள். உங்களுடையது எந்த வகை என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெதுவாக வெளியாகும் மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். சில தயாரிப்புகளில் மருந்து வெளியேறிய பின் வெறும் கூடு மட்டும் மலத்தில் அப்படியே வெளிவரும். அதைக் கண்டு மாத்திரை கரையவே இல்லையோ என்று கலங்க வேண்டாம்.

தொடங்குவதற்கு முந்தைய வாரம்

மருந்தில்லாத ஒரு வாரத்தைப் பதிவுசெய்வதைப் பலர் தேவையற்ற வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுவே இந்த முயற்சியின் அடித்தளமாகத் தெரிகிறது. எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், பசி எப்படி இருந்தது, தலைவலி வந்ததா, நெஞ்சு எத்தனை முறை படபடத்தது, எந்த நேரத்தில் எரிச்சல் கூடியது என்பவற்றை மருந்து தொடங்குமுன் எழுதி வைக்காவிட்டால், தொடங்கிய பின் வரும் ஒவ்வொரு தலைவலியும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். பழைய குறிப்பைப் புரட்டிப் பார்க்கும்போது, அந்தத் தலைவலி முன்பும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்துகொண்டிருந்தது என்று தெரியவரலாம். அதேபோல, ஓசையில்லாமல் நடந்த முன்னேற்றமும் இந்தக் குறிப்பில்தான் பிடிபடும்.

ஆனால் நீண்ட பதிவேட்டைத் திட்டமிடாதீர்கள். ஏடிஎச்டி உள்ளவர் அழகான கட்டங்களுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கி மூன்றாம் நாளில் அதை எங்கோ தொலைத்துவிடுவது எதிர்பார்க்க வேண்டியதே. தூக்கம், பசி, மனநிலை ஆகிய மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு மதிப்பெண். அதற்கு மேல் வேண்டாம். பல் துலக்கும் இடத்தில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள், அல்லது கைபேசியில் உங்களுக்கு நீங்களே ஒரு குரல் பதிவு அனுப்பிக்கொள்ளுங்கள். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஓய்வாக உட்கார்ந்த நிலையில் சில நாள் அளவுகளையும் குறித்துக்கொள்ளலாம்.

இதே வாரத்தில் இணையத்தில் தேடுவதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். பக்கவிளைவுப் பட்டியலை ஒருமுறை, பகலில், முழுமையாகப் படியுங்கள். நள்ளிரவில் பிறரது அனுபவங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டிருப்பது தகவல் சேகரிப்பு ஆகாது. தொல்லை வரும் என்று எதிர்பார்த்திருப்பவருக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையாலும் தொல்லை தோன்றுவது மருத்துவ ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று.

முதல் நாள்

தேர்வு, நேர்காணல், நீண்ட பயணம், குடும்ப விழா எதுவும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்; மருத்துவரைத் தொடர்புகொள்ளக்கூடிய நாளாகவும் அது இருந்தால் நல்லது. மருந்து உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும் வரையில் வாகனம் ஓட்ட வேண்டாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட நேரத்தில், ஊக்கி மருந்தானால் பொதுவாகக் காலையில், எடுங்கள். பசி மங்குவதற்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுவது பலருக்கு உதவுகிறது. அட்டோமாக்செட்டினை உணவோடு எடுத்தால் குமட்டல் குறையும். அன்று காப்பியைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது வழக்கத்தில் பாதியாக்குங்கள். காப்பியும் ஊக்கி மருந்தும் ஒன்றாகச் சேர்ந்து தரும் படபடப்பை மருந்தின் குற்றமாகவே மனம் பதிந்துகொள்ளும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர்கள் முந்தைய வாரத்திலேயே சிறுகச் சிறுகக் குறைப்பது மேல். திடீரென நிறுத்தினால் வரும் தலைவலி வேறொரு குழப்பத்தை உண்டாக்கும்.

பதற்ற இயல்புள்ளவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஊக்கி மருந்துகள் நாடித்துடிப்பைச் சற்று உயர்த்தும், வாயை உலர்த்தும், சிலருக்குக் கைகளைச் சில்லிட வைக்கும். பதற்றமும் இவற்றையே செய்யும். ஆகவே மருந்து உண்டாக்கிய சிறு துடிப்பை மனம் ஆபத்தின் அறிகுறியாகப் படித்து அஞ்ச, அந்த அச்சம் துடிப்பை இன்னும் கூட்ட, கூடிய துடிப்பு முதலில் எழுந்த சந்தேகத்தை உறுதிசெய்ய, பத்து நிமிடத்தில் ஒருவர் தனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்றே நம்பும் நிலைக்குப் போய்விட முடியும். மெத்தில்ஃபெனிடேட்டின் மருந்துக் குறிப்பில் சராசரி உயர்வாகக் கூறப்படுவது நிமிடத்துக்குச் சுமார் 3 முதல் 6 துடிப்புகள். இரத்த அழுத்தத்தில் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர். மாடிப்படி ஏறினால் கூடுவது இதைவிட அதிகம். சராசரி என்பதால் சிலருக்கு இதைத் தாண்டியும் உயரலாம். அதனால்தான் அளவு மாறும்போதெல்லாம் அளந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

துடிப்பு கூடியதாகத் தோன்றினால், உட்கார்ந்து, ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து, ஒருமுறை எண்ணுங்கள். முந்தைய வாரக் குறிப்போடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு நாடியைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுவது கண்காணிப்பு அல்ல, அதுவே துடிப்பைக் கூட்டும் வேலை. பாத்திரம் துலக்குவது, நடப்பது, துணி மடிப்பது போல உடலுக்குச் சிறு வேலை ஒன்று கொடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அன்று மருந்து தொடங்குவதை முன்கூட்டியே சொல்லிவைத்து, மாலையில் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் உணராத மாற்றத்தை அவர் கவனித்திருக்கவும் கூடும்.

முதல் நாள் எதுவுமே நடக்காமலும் போகலாம். தொடக்க அளவு வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது. அது உங்கள் உடல் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கான அளவு. இதற்கு மாறாக, சிலருக்கு முதல் ஓரிரு நாள் ஒருவிதக் களிப்பு ஏற்படும். அதை மருந்தின் உண்மையான பலன் என்று எண்ணிவிட்டால், அது அடங்கியதும் மருந்து செயலிழந்துவிட்டதாக ஏமாற்றம் வரும், அளவைத் தானாகக் கூட்டவும் தோன்றும். நீங்களாகக் கூட்டாதீர்கள்.

எது சாதாரணம், எது ஆபத்து

பசிக்குறைவு, தூக்கம் தாமதமாதல், வாய் உலர்தல், லேசான தலைவலி, மருந்து ஓயும் நேரத்தில் எரிச்சலும் சோர்வும் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. பலருக்குச் சில வாரங்களில் தணிகின்றன அல்லது நேரத்தையும் அளவையும் மாற்றினால் சரியாகின்றன. இவற்றை அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். தாங்க முடியாவிட்டால் முன்னதாகவே அழையுங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், காரணமின்றி மூச்சுத் திணறல், இல்லாததைக் காண்பது அல்லது கேட்பது, தூக்கமே தேவைப்படாத கட்டுக்கடங்காத உற்சாகம், யாரோ தன்னைக் குறிவைக்கிறார்கள் என்ற உறுதியான எண்ணம், தற்கொலை எண்ணம், பல மணி நேரம் தணியாத வலியுள்ள ஆண்குறி விறைப்பு ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். அட்டோமாக்செட்டின் எடுப்பவர்கள் சிறுநீர் கருமையாவதையோ கண்கள் மஞ்சளாவதையோ கண்டாலும் அப்படியே. இவை அரிதானவை. இந்தப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துவிட்டால், மனம் நாள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டியிராது.

"நான் நானாக இருப்பேனா?"

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டென்று பிறக்கும் யோசனைகள், ஒரே நேரத்தில் பத்துத் திசையில் ஓடும் பேச்சு, எதையும் விளையாட்டாக்கும் சுபாவம் ஆகியவற்றால் தன்னை அடையாளம் கண்டிருக்கும் ஒருவர், அவை மங்கிவிடுமோ என்று அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சரியான அளவில் மருந்து இயல்பை அழிப்பதில்லை. தொடங்கியதை முடிக்கவும், சொல்ல வந்ததை நிறுத்திச் சொல்லவும் ஒரு இடைவெளியைத் தருகிறது என்றே நன்மை பெற்றவர்கள் விவரிக்கிறார்கள். உணர்ச்சிகள் தட்டையாகி, சிரிப்பே வராமல், இயந்திரம் போல உணர்ந்தால், பெரும்பாலும் அளவு கூடிவிட்டது அல்லது அந்த மருந்து உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். வேலை நன்றாக நடக்கிறதே என்று அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் "தூக்கம், பசி எல்லாம் சரி, ஆனால் நான் நானாக இல்லை" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். அது மருத்துவ முக்கியத்துவம் உள்ள தகவல்.

அடிமையாதல் பற்றிய அச்சத்துக்கு ஒரு வேதியியல் விளக்கம் உண்டு. நோரா வால்கோவும் உடன் ஆய்வாளர்களும் செய்த மூளைப் படப்பதிவு ஆய்வுகள், வாய்வழி எடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மூளையில் உச்சத்தை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆவதைக் காட்டின. போதைக்குக் காரணமாவது, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருளான டோபமின் உயர்வதோடு, அது எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதும்தான். ஊசி வழியாகவோ மூக்கு வழியாகவோ செல்லும்போது அந்த ஏற்றம் நிமிடக் கணக்கில் நிகழ்கிறது. சீட்டில் உள்ள அளவில், சொன்ன வழியில் எடுப்பதும் தவறான பயன்பாடும் ஒன்றல்ல. முன்பு போதைப் பழக்கம் இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொன்னால், தவறாகப் பயன்படுத்தக் கடினமான மெதுவாக வெளியாகும் வகையையோ ஊக்கி அல்லாத மருந்தையோ அவர் தேர்ந்தெடுக்க முடியும்.

அடுத்த வாரங்கள்

அளவு படிப்படியாக உயர்த்தப்படும். ஒவ்வொரு படியிலும் உங்கள் மூன்று மதிப்பெண்களையும், மருந்து எப்போது ஓய்வதாக உணர்கிறீர்கள் என்ற நேரத்தையும் கொண்டுசெல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு வரும் அழுகைக்கும் காலை பத்து மணிக்கு வரும் அழுகைக்கும் மருத்துவர் தரும் விடை வேறாக இருக்கும். மருந்தை எடுத்தோமா என்ற சந்தேகம் ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அன்றாடம் வரும். கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி அதைத் தீர்க்கும். எடுத்தோமா என்று உறுதியாகத் தெரியாத நாளில் இரண்டாவது மாத்திரை எடுக்காதீர்கள். மருந்து கவனத்தை நிலைநிறுத்தும், ஆனால் எதன்மேல் என்று அது முடிவுசெய்யாது. வேலையை எடுத்து முன்னால் வைக்காமல் மாத்திரை எடுத்தால், அலமாரியை அடுக்குவதிலேயே அந்தக் கவனம் முழுவதும் செலவாகிவிடலாம்.

முதல் மருந்து பொருந்தாமல் போவது சிகிச்சையின் தோல்வி அல்ல. மெத்தில்ஃபெனிடேட்டுக்குப் பலன் காணாதவர்களில் கணிசமானோர் ஆம்ஃபெட்டமின் வகைக்குப் பலன் காண்கிறார்கள், இதன் மறுதலையும் நடக்கிறது. இரண்டும் ஒவ்வாதவர்களுக்கு ஊக்கி அல்லாதவை இருக்கின்றன. மருந்து நன்றாக வேலை செய்யும்போது சிலரை எதிர்பாராத துக்கம் ஒன்று பிடிக்கிறது: இது இருபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்திருந்தால் என்ற எண்ணம். அது பக்கவிளைவு அல்ல. அதற்காக மாத்திரையை மாற்ற வேண்டியதில்லை, யாரிடமாவது பேச வேண்டும், இயன்றால் ஒரு மனநல ஆலோசகரிடம்.

தொடர்ந்து எடுக்கத் தொடங்கிய பின்பு, நைஸ் வழிகாட்டி சொல்வதுபோல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எடையும் பார்க்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த மருந்து இன்னும் தேவைதானா என்று மருத்துவரோடு பேச வேண்டும். வேறு நாட்டுக்குப் பயணம் செய்வதானால், ஊக்கி மருந்துகளில் சில அங்கே தடைசெய்யப்பட்டிருக்கலாம் என்பதால், மருந்துச் சீட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் கையோடு வைத்து, அந்நாட்டுத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.